முப்பது நாள் அமானிதம்



பெருநாள் நெருங்கும்போது, தெரிந்த வீடென்றால், புடவைக் கடை முதலாளி நான்கு சாரிகளைப் பையில் போட்டு அனுப்பிவைப்பார். "வீட்டில் காட்டுங்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார். கையொப்பம் கிடையாது. முற்பணமும் கிடையாது. இரவில் விளக்கொளியில் விரித்துப் பார்ப்பீர்கள், மாமியிடம் காட்டுவீர்கள், மறுநாள் மூன்று திரும்பிப் போகும், ஒன்று தங்கும். தங்கியதற்குப் பணமும் போய்ச் சேரும். அந்த நான்கில் ஒன்றை உடுத்திக்கொண்டு கலியாணத்துக்குப் போய்வந்து, மடித்து, "பிடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்பும் வீட்டைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கணனி உலகத்திலும் இதே போன்றதொரு வியாபாரம் உண்டு. அதற்கு ஷெயார்வெயார் என்று பெயர். மென்பொருளைச் செய்தவர் அதனை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்துவிடுவார். நண்பருக்கும் பிரதி செய்து கொடுங்கள் என்றும் சொல்லுவார். வழமையாக முப்பது நாள் தவணை. அதற்குள் பாவித்துப் பார்க்கவேண்டும். பிடித்தால் விலையை அனுப்பிவைக்கவேண்டும், பிடிக்காவிட்டால் அழித்துவிடவேண்டும். பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை. தவணை முடிந்தும் பாவித்தால் வீடு தேடி வருபவரும் இல்லை.

ஒரு தாய் கேட்ட கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. அவருடைய மகளுக்குப் பதினான்கு வயது. படம் வரைவதில் ஆர்வம். உறவினர் வீட்டுப் பழைய இறுவட்டுக்களுக்கிடையே, கணனியில் முப்பரிமாணக் காட்சிகளை அமைக்கும் ஒரு ஷெயார்வெயார் மென்பொருள் கிடைத்திருக்கின்றது. பிள்ளை அதில் மூழ்கிவிட்டாள். தவணை முடிந்ததும் பதிவு இலக்கம் கேட்டது. மூத்த மகன் எங்கிருந்தோ ஓர் இலக்கத்தையும் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயரையும் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றான். "அதை இப்போது விற்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. பிள்ளை நல்லதொன்றைத்தானே படிக்கின்றாள், இதில் என்ன பிழை?" என்பது கேள்வி.

பிள்ளை என்னதான் படிக்கின்றாள் என்பதை முதலில் பார்ப்போம். அது நிச்சயமாக நல்ல விடயம்தான். அதில் நம்மவர்களின் பங்கும் இருக்கின்றது.

மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளிக் கரண்டி. மேலே மின்குமிழ். கரண்டியில் குமிழின் உருவம் வளைந்து தெரியும். குவளைக்குப் பின்னால் இருக்கும் மேசை விரிப்பின் கோடுகள் தண்ணீரினூடாகக் கோணலாய்த் தெரியும். இந்தக் காட்சியை, ஒரு தூரிகையும் இல்லாமல், கணக்கினால் மட்டுமே கணனித் திரையில் கொண்டுவரலாம். இதற்கு ரே ட்ரேஸிங், அதாவது ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து செல்லும் முறை என்று பெயர்.

திரையில் உள்ள ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரு கேள்வி கேட்கப்படுகின்றது. கண்ணிலிருந்து இந்தப் புள்ளியினூடாக ஒரு நேர்கோடு போனால் அது எதில் முட்டும்? மேசையில் முட்டினால், அங்கிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கோடு. இடையில் ஏதாவது மறித்தால் அந்த இடம் நிழல். முட்டியது கரண்டி என்றால், பட்ட கோணத்திலேயே மறுபக்கம் தெறித்துப் போய் மீண்டும் தேடவேண்டும். தண்ணீர் என்றால் வளைந்து உள்ளே போகவேண்டும். அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட ஒரு சிறிய படத்துக்கே 307,200 தடவைகள் இந்தக் கேள்வி. தெறிப்பும் நிழலும் சேர்ந்தால் பன்மடங்கு. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த டேர்னர் விட்டெட் என்பவர் இம்முறையை விரிவாக வகுத்து 1980 இல் வெளியிட்டார். இரண்டு உருண்டைகளும் சதுரக் கட்டமிட்ட தரையும் கொண்ட அவருடைய பெயர்பெற்ற படத்தை உருவாக்க அந்நாளைய பெரிய கணனியொன்றுக்கு 74 நிமிடங்கள் எடுத்தன. 2018 முதல் விற்பனைக்கு வந்துள்ள சில வரைகலை அட்டைகள் கதிரைத் தொடரும் கணக்கை ஒரு விநாடிக்குள் பல தடவைகள் செய்துமுடிக்கின்றன.

கண்ணிலிருந்து கோடு புறப்படுகின்றது என்று சொன்னேன் அல்லவா? அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு இங்கே ஒரு சிறு புன்னகை வரும். யூக்ளிட், தொலமி போன்ற கிரேக்க அறிஞர்கள் பார்வை என்பது கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவது என்றே கருதினார்கள். பஸராவில் சுமார் 965 இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னு ஹைதம் அதை மறுத்தார். ஒளி பொருளிலிருந்து வந்து கண்ணுக்குள் புகுகின்றது என்பதைக் கிதாபுல் மனாழிர் என்ற ஏழு பாகங்கள் கொண்ட தமது நூலில் பரிசோதனைகளோடு நிறுவினார். ஆனால் கணனியோ பழைய கிரேக்கர் சொன்னபடியே கண்ணிலிருந்து தொடங்குகின்றது! காரணம் சிக்கனம்தான். குமிழிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒளி சிதறுகின்றது. அதில் நம் கண்ணுக்குள் வந்து சேர்வது மிகச் சொற்பம். குமிழிலிருந்து கணக்கைத் தொடங்கினால் கணக்கின் பெரும்பகுதி வீணாகும். கதிர் போகும் பாதை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒன்றே என்பதால், வந்து சேர்ந்த இடத்திலிருந்து திரும்பி நடக்கின்றார்கள். ஆகவே முறைதான் தலைகீழ். உண்மை இப்னு ஹைதம் சொன்னதுதான்.

தண்ணீரில் கதிர் எவ்வளவு வளையும் என்ற விதியை ஐரோப்பாவில் 1621 இல் ஸ்நெல் என்பவர் கண்டார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கின்றார்கள். பக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல், எரிக்கும் கண்ணாடிகள் பற்றிச் சுமார் 984 இல் எழுதிய ஏட்டில் அதே விதியைக் கேத்திரகணித வடிவில் பாவித்திருக்கின்றார். அதை ருஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் 1990 இல் எடுத்துக்காட்டினார். பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெருமை பேசிப் பேசியே பொழுதைப் போக்கிவிட்டோம். கண்ணாடி உருண்டையொன்றைத் திரையில் வைக்கும் பிள்ளை, யாருடைய பாதையில் நடக்கின்றாள் என்பதை அறிந்திருக்கட்டும் என்பதற்காகவே சொல்கின்றேன்.

இந்தக் கணக்கையெல்லாம் செய்யும் இலவச மென்பொருள் ஒன்று நெடுங்காலமாக இருக்கின்றது. பொவ்-ரே என்பது அதன் பெயர். டேவிட் பக் என்பவர் 1980களில் அமீகா கணனிக்கு எழுதி இலவசமாகக் கொடுத்ததிலிருந்து அது வளர்ந்தது. 1991 இல் கம்பியூசேர்வ் என்ற தொலைபேசிவழிச் சேவையில் ஒன்றுகூடிய தொண்டர்கள் அதைப் பொறுப்பேற்றார்கள். ஒருவரையொருவர் முகம் பாராதவர்கள்கூட அதில் இருந்தார்கள். 2002 இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற தென்னாபிரிக்கர் மார்க் ஷட்டில்வர்த் அங்கேயும் இதைக்கொண்டு ஒரு படம் உருவாக்கினார்.

ஆனால் பொவ்-ரேயிடம் ஒரு சங்கடம். அதற்குப் படம் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். ஓர் உருண்டை வேண்டுமென்றால் அதன் மையம் எங்கே, ஆரை எவ்வளவு, நிறம் என்ன என்று எண்களாக எழுதிக் கொடுக்கவேண்டும். நான்கு கால் மேசையொன்றுக்கு ஒவ்வொரு காலுக்கும் ஆள்கூறுகளைக் கணக்கிட்டு எழுதவேண்டும். ஓர் எண் பிசகினால் மேசையின் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அது தெரியவருவதும் படம் முடிந்த பின்னர்தான். அந்நாளைய வீட்டுக் கணனிகளில் ஒரு படம் முடிய இரவு முழுவதும் எடுப்பது சாதாரணம். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்க்கவும் முடியாத சமையல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்ததுதான் உருவமைப்பு மென்பொருள். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று லூட்ஸ் க்ரெட்ஷ்மார் எழுதிய மொறே. அது ஷெயார்வெயாராக வெளிவந்தது. திரை நான்காகப் பிரிந்திருக்கும். மேலிருந்து ஒரு பார்வை, முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கமெராவின் கண்ணுக்கு ஒன்று. பொருட்களெல்லாம் கம்பிக் கூடுகளாகத் தெரியும். மேசைக் காலைப் பிடித்து நகர்த்தலாம், விளக்கை உயர்த்தலாம், ஒரு பெட்டியிலிருந்து உருளையைக் கழித்துத் துவாரம் செய்யலாம், இது கண்ணாடி, இது மரம் என்று பூச்சுக் கொடுக்கலாம். எல்லாம் சரியென்றானதும் அது தானே எண்களை எழுதிப் பொவ்-ரேயிடம் ஒப்படைக்கும். மனக்கண்ணில் மட்டுமே இருந்ததைக் கையால் தொட்டு நகர்த்த வைத்த இந்த உழைப்புக்குத்தான் விலை கேட்கப்பட்டது.

(உயிரினங்களின் உருவங்களைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு தனியே பேசவேண்டிய விடயம். இந்தக் கலையில் பழகுகின்றவர்கள் ஆரம்பத்தில் செய்வது உருண்டை, கூம்பு, தூண், தரைக் கட்டங்கள்தான். அதற்கு மேல் இங்கே நான் போகவில்லை.)

ஷெயார்வெயார் என்ற ஏற்பாட்டை 1982 அளவில் அமெரிக்காவில் ஒரு சிலர் தனித்தனியே தொடங்கினார்கள். அன்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டோக் என்ற மென்பொருளை விரும்பியவர்களுக்கெல்லாம் பிரதி செய்ய விட்டு, பிரயோசனப்பட்டால் 25 டொலர் அனுப்புங்கள் என்று கேட்டார். ஜிம் நொஃப் பிசி-ஃபைலை அவ்வாறே விட்டார். வந்து சேர்ந்த தபால்கள் பெருகப் பெருக அவர் ஐ.பி.எம். உத்தியோகத்தையே விட்டுவிட்டார். மைக்ரோசொஃப்டிலிருந்து விலகிய பொப் வொலஸ் 1983 இல் தமது பிசி-ரைட்டை வெளியிட்டபோது ஷெயார்வெயார் என்ற பெயரைப் பாவித்தார். பெரிய நிறுவனங்கள் பிரதி செய்வதைத் தடுக்கப் பூட்டுமேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பணப்பெட்டியை வாசலில் வைத்தவர்கள் இவர்கள். பலர் பணம் போடவில்லை. சிலர் போட்டார்கள். அந்தச் சிலருடைய பணத்தில்தான் அடுத்த பதிப்பு வந்தது.

மத்ரஸாவில் வியாபாரப் பாடம் நடத்தும்போது கியாருஷ் ஷர்த் என்ற பகுதி வரும். வாங்குபவர் ஒரு தவணை கேட்டு, அதற்குள் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அது. நமது ஷாபிஈ மத்ஹபில் அதற்கு ஆகக்கூடியது மூன்று நாட்கள். ஹன்பலி மத்ஹபில், இருவரும் ஒத்துக்கொண்டால், கூடுதலாகவும் வைக்கலாம். ஷெயார்வெயாரின் முப்பது நாளைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஆனால் சற்று யோசித்தால் இது அதுவல்ல. அங்கே விற்பனைப் பேச்சு முடிந்திருக்கின்றது. இங்கே இன்னும் விற்பனையே நடக்கவில்லை. எனது பார்வையில் இது ஆரியா என்ற இரவற் பொருளுக்கே நெருக்கமானது. பக்கத்து வீட்டிலிருந்து இடியப்ப உரலை வாங்கி வருகின்றீர்கள். பாவிக்க அனுமதி உண்டு, பொருள் அவர்களுடையது. குறித்த நாள் கடந்தும், கேட்காமலே வைத்துப் பாவித்தால், அது இரவல் என்ற நிலையிலிருந்து மாறிவிடுகின்றது.

"உரலைக் கொண்டுவந்தால் அவர்கள் வீட்டில் உரல் இல்லை. மென்பொருளைப் பிரதி எடுத்தால் அவரிடம் ஒன்றும் குறையவில்லையே!" என்று மூத்த மகன் சொல்லக்கூடும். கெட்டிக்காரத்தனமான பேச்சுத்தான். முன்னர் சில உலமாக்களும் நூல்களின் விடயத்தில் இதற்குக் கிட்டிய கருத்தைச் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கிய நூலைப் பிரதி செய்வது வாங்கியவரின் உரிமை என்றார்கள். ஆனால் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு சபை, ஆக்கங்களிலும் கண்டுபிடிப்புகளிலும் அவற்றைச் செய்தவருக்குள்ள உரிமை ஷரீஅத்தில் மதிக்கப்படுவது, அதில் அத்துமீறக்கூடாது என்று தீர்மானித்தது. நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணனி மென்பொருளைப் பாதுகாக்கின்றது.

தீர்மானமும் சட்டமும் ஒருபுறம் இருக்கட்டும். நமது ஊர்களில் மணப்பெண் உடை தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் சகோதரிகள் எத்தனை பேர்! ஒருவர் இரவிரவாகக் கண்விழித்து ஒரு புதிய வெட்டு மாதிரியைக் கடதாசியில் அமைக்கின்றார். "பார்த்துவிட்டுத் தாருங்கள். இதைப் பார்த்துத் தைப்பதென்றால் எனக்கு இவ்வளவு தாருங்கள்" என்று நம்பிக் கொடுக்கின்றார். வாங்கியவர் கடதாசியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரதி எடுத்ததைக் கொண்டு பத்துப் பேருக்குத் தைத்தால், அந்தச் சகோதரியிடம் என்ன குறைந்தது? கடதாசி அவரிடமே இருக்கின்றது. குறைந்தது அவருடைய கூலி. இதை ஓர் ஆண்பிள்ளைக்கு விளங்கப்படுத்த அரைமணி நேரம் எடுக்கலாம். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து பழகிய பெண்ணுக்கு அரை வார்த்தை போதும்.

அந்தத் தாய் எழுதியதில் என்னை உறுத்தியது இலக்கத்தை விட அந்தப் பெயர்தான். பதிவுப் பெட்டியில், "இந்த மென்பொருள் யாருக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது?" என்று கேட்கப்படுகின்றது. பிள்ளை தன்னுடைய பெயரை எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் பெயரை எழுதுகின்றாள், அண்ணன் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிக் கொடுக்கின்றான். ஒவ்வொரு நாளும் மென்பொருள் திறக்கும்போது அந்தப் பெயர் திரையில் வந்து போகும். கடன் அட்டை இல்லாத வீடு, வெளிநாட்டுக்கு டொலர் அனுப்ப வழியில்லாத வீடு என்பதெல்லாம் உண்மையான சிரமங்கள். அவற்றை நான் இலேசாகப் பேசவில்லை. அந்தச் சிரமத்துக்கு வழி, செய்தவருக்கு ஒரு கடிதம் எழுதி, படிக்கும் பிள்ளைக்கு அனுமதி தருவீர்களா என்று கேட்பது. கேட்பதில் குறைவில்லை. இல்லையென்றால் விட்டுவிடுவது. பெயர் மாற்றி எழுதுவது இவ்விரண்டிலும் சேராது.

"இப்போது விற்பாரில்லை" என்ற வாதத்துக்கும் பதில் சொல்லவேண்டும். மொறே போன்றவற்றின் வளர்ச்சி நின்று நீண்டகாலமாகின்றது. கடையை மூடியதால் கடைக்குள் இருப்பது பொதுச்சொத்தாகிவிடாது என்பதே எனது கருத்து. உரிமையாளரே இலவசம் என்று அறிவித்தால் அது வேறு விடயம். அதைத் தேடிப் பார்க்கலாம். அறிவிக்கவில்லையென்றால் நிர்ப்பந்தம் என்று சொல்லித் தப்பிக்கொள்ளவும் இன்று இடமில்லை. நிர்ப்பந்தத்தை நீக்கும் பொருள் வாசலிலேயே கிடக்கின்றது.

அதன் பெயர் பிளெண்டர். சமையலறையில் தேங்காய்ப்பால் எடுக்கும் பிளெண்டர் அல்ல! நெதர்லாந்தில் உருவான முப்பரிமாண உருவமைப்பு மென்பொருள் இது. 2002 இல் அதை விற்றுவந்த நிறுவனம் நொடித்துப்போனது. மென்பொருளும் அத்தோடு புதைந்துபோயிருக்கும். அதை முதலில் வடிவமைத்த டொன் ரூசண்டால், உரிமையை விட்டுத்தர 100,000 யூரோ வேண்டும் என்ற நிலையில், பாவிப்பவர்களிடமே கையேந்தினார். ஏழு வாரங்களில் பணம் சேர்ந்தது. அவ்வருடம் ஒக்டோபர் 13 ஆம் திகதி அது எல்லோருக்கும் உரியதாக வெளியிடப்பட்டது. பணம் போடாவிட்டால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். இன்று உலகின் பெரிய திரைப்படக் கூடங்களில் உள்ளவர்களும், ஒரு சதமும் கொடுக்காத நம் வீட்டுப் பிள்ளைகளும் அதையே பாவிக்கலாம். பொவ்-ரேயும் 2013 இல் வந்த 3.7 ஆம் பதிப்போடு அவ்வாறான திறந்த உரிமத்துக்கு மாறியது. இலவசம் என்பதற்காக நிபந்தனையே இல்லை என்று எண்ணவேண்டாம். மாற்றியமைத்து மற்றவருக்குக் கொடுத்தால் அதே சுதந்திரத்தோடு கொடுக்கவேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. பிள்ளையை அந்த உரிமத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பாடமும் ஆகும்.

ஆகவே, கேள்வி கேட்ட சகோதரிக்கு: அந்த இலக்கத்தை அழித்துவிடுங்கள். பிள்ளையைத் திட்டவேண்டாம், அவளுடைய ஆர்வத்தில் ஒரு பிழையும் இல்லை. அவள் இதுவரை செய்த காட்சிகளைத் தாளில் குறித்துக்கொண்டு புதிதில் மீண்டும் அமைக்கட்டும். இரண்டாம் தடவை கை விரைவாக ஓடும். மூத்த மகனையே புதிய மென்பொருளை இறக்கித் தரச் சொல்லுங்கள். அந்த வேலை அவனுக்குரியது.

முதற் பயிற்சியாக ஒன்று சொல்லுகின்றேன். கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ என்ற பாரசீக அறிஞர் சுமார் எழுநூறு வருடங்களுக்கு முன்னர் வானவில் ஏன் தோன்றுகின்றது என்று அறிய, மழைத்துளிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய கண்ணாடி உருண்டையை எடுத்து, அதற்குள் கதிர் எங்கே வளைகின்றது, எங்கே தெறிக்கின்றது, எங்கே வெளியேறுகின்றது என்று பின்தொடர்ந்து பார்த்தார். இப்னு ஹைதமின் நூலுக்கு உரை எழுதியவரும் அவர்தான். பிள்ளையும் அதையே செய்யட்டும். இருண்ட ஓர் அறை, கட்டமிட்ட ஒரு தரை, நடுவில் தண்ணீரின் தன்மை கொடுத்த ஓர் உருண்டை, ஒரே ஒரு விளக்கு. விளக்கை உருண்டைக்குப் பின்னால் சிறிது சிறிதாக நகர்த்தி, தரையின் கட்டங்கள் உருண்டைக்குள் தலைகீழாகத் தெரிகின்றனவா என்று பார்க்கட்டும். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் எடுத்து, கணனி சொன்னது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.